மணலில் கிடக்க வேண்டியதைப் பாறையில் ஏற்றினால்

கேள்வி: ஐயா, தெம்பனிஸில் வீவக வீட்டில் இருக்கிறோம். கூடத்தில் 200 லிட்டர் ரீஃப் தொட்டி வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. நான்கு மாதத்துக்கு முன் சிவப்பும் பச்சையும் கலந்த ஒரு டிரேக்கிஃபில்லியா பவளத்தை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். கடையில் உப்பிக்கொண்டு உள்ளங்கையைவிட அகலமாக இருந்தது. வீட்டில் நடுப் பாறையின் மேல் வைத்தேன். முதல் சில நாள் நன்றாக விரிந்தது, பிறகு சுருங்க ஆரம்பித்துவிட்டது. வெளிச்சம் போதாது என்று நண்பர் ஒருவர் சொன்னதால் எல்.இ.டி. விளக்கை முழு அளவுக்கு ஏற்றினேன். பவளத்தையும் இன்னும் மேலே நகர்த்தினேன். அதன் பிறகும் இடத்தை இரண்டு மூன்று தடவை மாற்றிப் பார்த்தேன். கே.எச். 7தான் இருந்தது, பஃபர் போட்டு ஒரே மாலையில் 10க்குக் கொண்டுவந்தேன். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம், அதில் குறையே இல்லை. தினமும் பகலில் இறால் துண்டு கொடுக்கிறேன். வாயில் வாங்கிக்கொள்கிறது, ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் பக்கத்தில் கிடக்கிறது. அயோடின் டிப்பும் இரண்டு முறை கொடுத்தாயிற்று. இப்போது ஒரு பக்க விளிம்பில் வெள்ளை எலும்பு தெரிகிறது. பழுப்புச் சளி எதுவும் இல்லை. என் க்ளௌன் மீன் ஜோடி இதன் மேலேயேதான் புரண்டு படுக்கிறது. சில்லர் 26 டிகிரியில் இருக்கிறது. காப்பாற்ற முடியுமா?

இன்னொன்று. தூத்துக்குடியில் என் சித்தப்பா மகனும் கடல்நீர்த் தொட்டி வைக்கப் போகிறான். இது பிழைத்து வளர்ந்தால் பாதியை வெட்டி, ஊருக்குப் போகும்போது அவனுக்கு எடுத்துப்போகலாமா?

பதில்: பிழைக்கும் என்றுதான் நினைக்கிறேன். பழுப்புச் சளி இல்லை என்கிறீர்கள், வாய் இன்னும் இரையை வாங்குகிறது. இந்த இரண்டும் நல்ல செய்தி. விளிம்பில் கொஞ்சம் எலும்பு தெரிவதால் மட்டும் இந்த இனம் செத்துவிடாது. ஆனால் அடுத்த ஆறு வாரத்துக்கு நீங்கள் செய்ய வேண்டிய வேலை, இதுவரை செய்ததைவிட மிகவும் குறைவு. உங்களுக்கு அதுதான் கஷ்டமாக இருக்கும்.

முதலில் இது எங்கே வாழும் பிராணி என்று பார்ப்போம், உங்கள் தொட்டியில் என்ன தவறியது என்பது அதிலேயே விளங்கிவிடும். டிரேக்கிஃபில்லியா ஜெஃப்ராயி செங்கடல் தொடங்கி பசிபிக்கின் மேற்குப் பகுதி வரை பரவியிருக்கிறது. சிங்கப்பூர்க் கடலிலும் பதிவாகியிருக்கிறது. ஆனால் அலை அடிக்கும், வெயில் கொட்டும் பாறை விளிம்பில் இதைத் தேடினால் கிடைக்காது. பாறைத் திட்டுகளுக்கு இடையே உள்ள மணல் தரை, சேறு கலந்த அடி, கடற்புல் படுகையின் ஓரம், இவைதான் இதன் இடம். குஞ்சாக இருக்கும்போது ஒரு சிப்பி ஓட்டிலோ கல் துணுக்கிலோ ஒட்டியிருக்கும். வளர்ந்த பிறகு பிடிப்பை விட்டுவிட்டு மணலில் சும்மா கிடக்கும். உங்கள் பவளத்தின் அடிப்பக்கம் கூம்பாக இருக்கிறதல்லவா? மணலில் புதைந்து நிற்பதற்கான அமைப்பு அது. மேலே மண் விழுந்தால் சதையை ஊதிப் பெரிதாக்கி உதறிவிடும். கடையில் நீங்கள் பார்த்து மயங்கிய அந்த உப்பல், பிழைப்புக்காக அது கற்றுவைத்திருக்கும் வித்தை.

அப்படிப்பட்ட இடத்துத் தண்ணீர் கலங்கல். வெளிச்சம் மங்கல். மிதக்கும் இரை ஏராளம். நீங்கள் கட்டியிருக்கும் தொட்டி இதற்கு நேர் எதிரானது: கண்ணாடி போன்ற தண்ணீர், முழு வேக விளக்கு, காய்ந்த வயிறு. அக்ரோபோரா மாதிரியான கிளைப் பவளங்களை வளர்ப்பவர்கள் பின்பற்றும் முறையை எல்லாப் பவளத்துக்கும் பொது விதியாக நம் பொழுதுபோக்குக்காரர்கள் பரப்பிவிட்டார்கள். உங்கள் நண்பர் சொன்னதும் அந்தப் பாட்டுதான்.

இன்றே பவளத்தைப் பாறையிலிருந்து இறக்குங்கள். பாறையில் இருக்கும்வரை உப்பிய சதை ஓரத்தில் உரசிக்கொண்டே இருக்கும். சதைக்கு அடியில் அதன் சொந்த எலும்பின் விளிம்பே கத்தி மாதிரி கூர்மையானது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுச் சதை கிழிகிறது. உங்கள் பவளத்தில் ஒரு பக்கம் மட்டும் எலும்பு தெரிவதால், இதுவே முதல் காரணமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். முதலில் தண்ணீரைக் கையால் லேசாக அலசிவிட்டு, அது சுருங்கும்வரை காத்திருங்கள். உப்பிய நிலையில் தண்ணீருக்கு மேலே தூக்கினால் உள்ளே நிறைந்த நீரின் எடையே சதையைக் கிழித்துவிடும். விரல்கள் அடியிலுள்ள எலும்பை மட்டும் பிடிக்கட்டும். தண்ணீருக்குள்ளேயே நகர்த்தி, மெல்லிய மணலில் கூம்பை இருத்தி, சதை விளிம்பு மணலுக்குச் சற்று மேலே நிற்கும்படி வையுங்கள். உங்கள் தொட்டியில் கரடுமுரடான பவளச் சல்லி போட்டிருந்தால் அந்த இடத்தில் மட்டும் நைசான மணல் ஒரு கை கொட்டிக்கொள்ளுங்கள்.

நீரோட்டம் நேராக மேலே அடிக்கக் கூடாது. சதையின் மடிப்புகள் மெதுவாக அசைந்தால் போதும். ஒரே பக்கமாக மடங்கிக் கிடந்தால் வேகம் அதிகம். நடுப் பள்ளத்தில் குப்பை தங்கினால் குறைவு. சுற்றிலும் ஒரு சாண் இடம் காலியாக இருக்கட்டும். டிரேக்கிஃபில்லியா சண்டைக்குப் போகாத சாது. ஆனால் யூஃபில்லியாப் பவளமும், அதைவிட மோசமாகக் கேலக்ஸியாவும், இரவில் நீண்ட கொடுக்கு இழைகளை வீசிப் பக்கத்தில் இருப்பதைச் சுட்டுவிடும்.

வெளிச்சம். பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு முக்கால்வாசிச் சோறு போடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பாசிக்கு ஒளி அளவுக்கு மிஞ்சினால், சமாளிக்க முடியாமல் ஆக்சிஜனின் நச்சு வடிவங்களை உண்டாக்கும். பவளம் தன்னைக் காத்துக்கொள்ளப் பாசியை வெளியேற்றிவிடும். வெளுத்துப்போவது இப்படித்தான். இந்த இனத்துக்கு மணல் மட்டத்தில் பார் அளவு (பாசி பயன்படுத்தக்கூடிய ஒளியின் அளவு) 50 முதல் 100 வரை இருந்தால் தாராளம். சில கடைகளில் பார் மீட்டரை வாடகைக்குத் தருகிறார்கள்; ஒரு நாள் வாங்கி அளந்துவிடுங்கள். விளக்குப் பெட்டியில் எழுதியிருக்கும் வாட் கணக்கு இதற்கு உதவாது. மீட்டர் கிடைக்கவில்லை என்றால் விளக்கை 40 சதவீதத்துக்கு இறக்கி அங்கேயே நிறுத்துங்கள். பிறகு ஏற்ற வேண்டும் என்று தோன்றினால் வாரத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். பவளமே உங்களுக்குச் சொல்லும்: உச்சி வெளிச்ச நேரத்தில் மட்டும் சுருங்கி நிறம் வெளிறினால் ஒளி மிகுதி, நாள் முழுக்க அளவுக்கு மீறிப் பரந்து, நிறம் மங்கிப் பழுப்பேறினால் குறைவு.

சூடும் ஒளியும் ஒரே காயத்தைத்தான் உண்டாக்குகின்றன. அதனால் சில்லர் என்றாவது நின்றுபோய்த் தண்ணீர் 29, 30 என்று ஏறினால், முதலில் விளக்கை அணையுங்கள், பிறகு மெக்கானிக்கைத் தேடுங்கள். இரண்டு நாள் இருட்டில் பவளம் சாகாது. இந்த ஊர்க் கடலில் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் கூட்டமாக வெளுத்தன. கடலிலேயே அந்த நிலை என்றால் மூடிய கூடத்தில் வைத்த 200 லிட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் 26 டிகிரி சரியான அளவு, அதை மாற்றாதீர்கள்.

இனி கே.எச்., அதாவது தண்ணீரின் காரத்தன்மை. உங்கள் கடிதத்தில் என்னைத் துள்ள வைத்த வரி இதுதான். 7 என்பது தவறான எண்ணே இல்லை. இயற்கைக் கடல்நீரில் ஏறக்குறைய அதுதான் இருக்கிறது. அதை ஒரே மாலையில் 10 ஆக்கியதுதான் தவறு. பவளம் சுண்ணாம்பு எலும்பைக் கட்டும்போது கால்சியத்தையும் கார்பனேட்டையும் தண்ணீரிலிருந்து எடுத்து, தன் சதைக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் அந்த வேதியியலை நுணுக்கமாகக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திடீரென்று மாறினால் அந்தக் கணக்கு முழுதும் குலைகிறது. ஒரு நாளைக்கு அரை டி.கே.எச்.க்கு (கே.எச்.சை அளக்கும் அலகு) மேல் ஏற்றவோ இறக்கவோ கூடாது. இப்போது 10ல் இருப்பதை அவசரப்பட்டு இறக்கவும் வேண்டாம். பஃபரை நிறுத்திவிடுங்கள், தானாக இறங்கும். தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் தொட்டி நாளொன்றுக்கு எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துவிடும். 8க்கும் 9க்கும் நடுவில் எங்கே நின்றாலும் சரி, அங்கேயே நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கால்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1,250 முதல் 1,350 பி.பி.எம். இருக்கட்டும். ஒரு டி.கே.எச். செலவாகும்போது கால்சியம் 7 பி.பி.எம். அளவுக்குத்தான் குறையும். எனவே கே.எச். ஒழுங்காக நின்றால் கால்சியத்துக்காக நீங்கள் ராத்தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தொட்டியில் கல்பவளம் அதிகம் இல்லை என்றால் வாரம் 10 சதவீதத் தண்ணீர் மாற்றமே போதும், மருந்துப் புட்டிகளே தேவைப்படாது.

அந்தத் தண்ணீர் மாற்றத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. உப்புப் பொடிகளில் சில கே.எச். 7, 8 தரும். சில 11, 12 தரும். தள்ளுபடி விலையில் கிடைக்கிறதே என்று பிராண்டை மாற்றினால் நீங்கள் அறியாமலேயே மறுபடி அந்த மாலையை நடத்திக்காட்டுவீர்கள். கலந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றும் முன் அதன் கே.எச்.சையும் அளந்துவிடுங்கள். உப்புச் செறிவு 35 பி.பி.டி. இருக்க வேண்டும். அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்.ஓ. தண்ணீரை வைத்துச் சரிபார்க்காமல், 35 பி.பி.டி. சோதனைக் கரைசலை வைத்துச் சரிபாருங்கள். குழாய்த் தண்ணீரை நேரே பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பொதுப் பயனீட்டுக் கழகத் தண்ணீரில் குளோரமின் உண்டு, வாளியில் ஓர் இரவு வைத்தாலும் அது போகாது. கார்பனும் ஆர்.ஓ.வும் டி.ஐ. பிசினும் தாண்டி வந்த தண்ணீர்தான் பவளத்துக்கு.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம், அதில் குறையே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ பெரிய குறையாகத் தெரிவது அதுதான். சதைக்குள் இருக்கும் பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். இரண்டும் இல்லாத தண்ணீரில் பாசி மெலியும், பவளமும் கூடவே மெலியும். அதோடு, இரண்டும் பூஜ்யமான தொட்டியில்தான் பழுப்புச் சளி இழைகளாகக் குமிழி விட்டுப் பரவும் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட்) என்ற நுண்ணுயிரின் தொல்லை வருகிறது. அது ஒரு முறை வந்துவிட்டால் விரட்டப் படாதபாடு படவேண்டும். பாஸ்பேட் உறிஞ்சும் இரும்புத் துகள் ஏதாவது ரியாக்டரில் ஓடுகிறதென்றால் கழற்றிவிடுங்கள். ஸ்கிம்மரை இரவில் மட்டும் ஓட்டுங்கள். மீனுக்கு உணவை ஒரு பிடி கூட்டுங்கள். நைட்ரேட் 5க்கும் 15க்கும் இடையில், பாஸ்பேட் 0.05 முதல் 0.1 வரை வந்து நின்றால் இந்தப் பவளத்துக்கு நல்லது. இதையும் வாரக்கணக்கில் நடக்கவிடுங்கள்.

உணவுக்கு வருவோம். நீங்கள் கொடுக்கும் இறாலை அது கக்குகிறது; திருடப்பட்டதாகவோ விழுந்ததாகவோ நினைக்காதீர்கள். பகலில் கொடுப்பது ஒரு காரணம், துண்டு பெரிது என்பது இன்னொன்று. இந்த இனம் இரவில் வேட்டையாடுவது. விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் போல் ஆனதும், உப்பல் வடிந்து, வாய்ப் பள்ளத்தைச் சுற்றி மெல்லிய இழைகள் வரிசையாக எட்டிப் பார்க்கும். அப்போதுதான் அதற்குப் பசி. சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் கூசாது. பம்புகளை நிறுத்திவிட்டு, உருக்கி அலசிய மைசிஸ் இறால் நாலைந்தையோ, அரிசி அளவுக்கு நறுக்கிய இறாலையோ, சொட்டுக்குழாயில் எடுத்து இழைகளின் மேல் விடுங்கள். சுத்தம் செய்யும் இறால், ஹெர்மிட் நண்டு இருந்தால் வாய்க்குள் இருப்பதையே பிடுங்கிக்கொண்டு போய்விடும், அந்த வேகத்தில் சதையும் கிழியும். ஒரு பிளாஸ்டிக் புட்டியின் மேல்பாதியை வெட்டி அரை மணி நேரம் கவிழ்த்து வைத்தால் இந்தக் களவு நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை. இப்போதைய நிலையில் இழைகள் வெளியே வராத இரவுகளில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மூடிக் கிடக்கும் பவளத்தின் மேல் இறாலைத் திணித்தால் அது உள்ளே அழுகி, சதையையும் சேர்த்து அழுகவைக்கும்.

அடுத்து உங்கள் க்ளௌன் ஜோடி. அனிமோன் இல்லாத தொட்டியில் அவை சதைப்பற்றுள்ள எதையாவது படுக்கையாக்கிக்கொள்ளும். யாருக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அனிமோனைப் போல இந்தப் பவளத்தால் விலகி நகரவும் முடியாது, அடியில் இருக்கும் எலும்பு விளிம்பும் போகாது. மீன் புரளும் ஒவ்வொரு முறையும் அது சுருங்குகிறது. சுருங்கியே கிடக்கும் பவளத்தின் பாசிக்கு ஒளி கிடைக்காது. ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து, மேலே கல் வைத்து, ஒரு மாதம் மறித்து வையுங்கள். மீன் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். சில ஜோடிகள் பிடிவாதமாக இருக்கும், கூடையை எடுத்த அன்றே திரும்பிவிடும். அப்படியானால் மீனையோ பவளத்தையோ ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். எதை என்பது உங்கள் வீட்டு விவகாரம். குள்ள ஏஞ்சல் மீன், வண்ணத்துப்பூச்சி மீன் இரண்டையும் இந்தத் தொட்டியில் சேர்க்கவே வேண்டாம். அவை சதையைக் கொத்தித் தின்னும்.

அயோடின் டிப் இனி வேண்டாம். திறந்த காயத்தில் அழுகல் தொடங்கினால் மட்டும் அதற்கு வேலை. அந்த அழுகலை நீங்கள் தவறவிட முடியாது: பழுப்பு நிறக் கொழகொழப்பு சதையிலிருந்து திரள் திரளாகத் தொங்கும், வாடை அடிக்கும், காலையில் ஒரு காசளவு இருந்தது மாலையில் பாதியைத் தின்றிருக்கும். அது வந்தால் அன்றைக்கே பம்பை நிறுத்தி, சளி பக்கத்துப் பவளங்களுக்குப் பரவாமல் ட்யூப் வைத்து உறிஞ்சி எடுத்து, பவளத்தைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றி, அப்போது டிப் கொடுக்கலாம். உங்களிடம் இருப்பது வெறும் பின்வாங்கல். வெளியே தெரியும் எலும்பில் பாசி படரத்தான் செய்யும். பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி படிந்தால் கவலையில்லை, பச்சை முடிப் பாசி வந்தால் நத்தைகளை விடுங்கள். சதை மீண்டும் அந்த விளிம்பை மூடினாலும் மூடும், ஆனால் அதற்குப் பல மாதம் பிடிக்கும். மூடாவிட்டாலும் மீதிச் சதையோடு நெடுநாள் வாழும்.

ஆறு வாரத்துக்கு மேலும் நகர்த்தாமல், டிப் கொடுக்காமல், கே.எச். அசையாமல் வைத்திருந்தும் எலும்பு கூடிக்கொண்டே போனால் மறுபடி எழுதுங்கள். எழுதும்போது வெள்ளை விளக்கில் எடுத்த படம் ஒன்றும் அனுப்புங்கள். நீல விளக்கில் எல்லாப் பவளமும் நெருப்பாக ஜொலிக்கும், நோய் தெரியாது. கடைக்காரர்கள் நீல விளக்கையே போட்டு வைத்திருப்பதற்கும் அதுவே காரணம் என்பது என் சந்தேகம். அடுத்த முறை வாங்கும்போது வெள்ளை விளக்கைப் போடச் சொல்லி, பவளத்தின் விளிம்பைச் சுற்றிலும் ஒரு தடவை பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சுருக்கமானது: முடியாது, செய்யவும் வேண்டாம். இந்த இனத்தை வெட்டுவதே பெரும்பாலும் கொலையில்தான் முடியும். ஒரே தொடர்ச்சதையும் ஒன்றிரண்டு வாய்களும் கொண்ட பிராணி இது. கிளைப் பவளத்தை ஒடிப்பது போல ஒடிக்க முடியாது. சட்டம் அதைவிடக் கடுமை. கல்பவளங்கள் எல்லாமே, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. நாட்டை விட்டு வெளியே எடுத்துச் செல்ல இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும்; அது இல்லாமல் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினால் அதற்குப் பெயர் கடத்தல். இந்தியாவிலோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001ல் கல்பவளங்களை முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. தூத்துக்குடிக்காரருக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியிருக்காது. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிச் சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 1986ல் அந்தப் பகுதி தேசியக் கடல் பூங்கா ஆனது. அந்த ஊரில் ஒருவர் வீட்டுத் தொட்டியில் உயிருள்ள கல்பவளம் இருந்தால், அது இந்தோனேசியாவிலிருந்து வந்ததா எதிரே இருக்கும் தீவிலிருந்து வந்ததா என்று வனத்துறை அதிகாரி பார்த்த பார்வையில் சொல்லிவிட முடியாது.

உங்கள் தம்பி மீனோடு ஆரம்பிக்கட்டும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம், பல வகைக் க்ளௌன் மீன்களைப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைக்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறது. பண்ணைக் குஞ்சுகள் தொட்டித் தண்ணீரிலேயே பிறந்தவை, உலர் தீனிக்குப் பழகியவை, கடலிலிருந்து வலைபோட்டுப் பிடித்தவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். பாறைக்குச் சுட்ட களிமண் ஓடுகளை அடுக்கினாலே போதும். தொட்டி ஆறு மாதம் நிலைத்து நிற்கட்டும், பிறகு அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.